ஒன்பதா பத்தா

முதல் பத்து முடிந்துவிட்டது, இன்னும் நாலு பத்துதான், மாதாவே, நாலே நாலு பத்து என்று ஞானப்பூ மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். சொன்ன கையோடு, மீதியை எண்ணிக்கொண்டே சொல்கிற ஜெபம் என்ன ஜெபம், டவுன் பஸ்ஸுக்கு நிற்கிறவள் மாதிரி, என்று அவளுக்கே கூச்சமாகவும் இருந்தது. மணி ஆறே முக்கால். முன்னறையில் பாய் விரித்து அவளும் மகள் ஜெனோவாவும் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்காரர் சூசை டி.வி.யை அணைத்துவிட்டு, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, டோக்கன் நம்பர் கூப்பிடக் காத்திருக்கிறவர் மாதிரி நாற்காலியில் இருந்தார். அந்த வீட்டில் எப்போதும் ஒரே ஜெபமாலைதான், பத்துப் பத்தாக ஐம்பது மணி, பத்துக்கு ஒரு தேவ இரகசியம், மாதா வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவம். மாலை யார் கையில் இருக்கிறதோ அவர் ஒவ்வொரு மணிக்கும் மாதா மந்திரத்தின் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் அடுத்த பாதியைச் சொல்வார்கள்; பத்து மணிகளை உருட்டி முடித்ததும் மாலை அடுத்தவர் கைக்குப் போகும். கொடுக்கிறவர் விரலை எடுக்குமுன் வாங்குகிறவர் விரல் அதே மணியில் விழுந்துவிட வேண்டும், இல்லையென்றால் இடம் தவறிப்போகும். ஞானப்பூ நீட்டினாள். ஜெனோ வாங்கிக்கொண்டாள். விரல் சில்லென்று இருந்தது. பங்குனி வெயிலில் திண்டுக்கல்லே வெந்துகொண்டிருக்கும்போது இந்தப் பிள்ளைக்கு மட்டும் எப்படி விரல் சில்லிடுகிறது, பயத்துக்குத் தனியாக ஒரு குளிர் உண்டோ என்னவோ என்று நினைத்தாள், அதற்குள் ஜெனோ இரண்டாம் தேவ இரகசியம் என்று ஆரம்பித்துவிட்டாள், மாதா எலிசபெத்தம்மாளைப் பார்க்கப் போனது. நன்றாகத்தான் ஆரம்பித்திருக்கிறாள், போன திங்கட்கிழமையும் நன்றாகத்தான் ஆரம்பித்தாள், அதை இப்போது நினைக்காதே, வாயிலிருப்பதைச் சொல்லு.

வாய் தன் பாட்டுக்குச் சொன்னது. ஐம்பது வருஷப் பழக்கம், மனசு எங்கே போனாலும் வாய் தவறாது, அதுதான் தன்னுடைய குறை என்று ஒரு காலத்தில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லியிருக்கிறாள், சாமி, ஜெபத்தில் பராக்கு. சாமியார் சிரித்துக்கொண்டே, அம்மா, பராக்குப் பார்த்துக்கிட்டே சொன்னாலும் சொல்லுங்க என்று அனுப்பிவிட்டார், இவளும் அதோடு மறந்துவிட்டாள். மறந்துவிட முடிந்தது இவளால். இதையே சொல்லிவிட்டு வந்த ஜெனோ வாசல்படி தாண்டியதும் திரும்பிப் போனாளே. அப்போது காலேஜ் இரண்டாம் வருஷம். இல்ல சாமி, நான் சரியாச் சொல்லலை, இன்னும் ஒண்ணு விட்டுட்டேன். மறுபடியும் வரிசையில் நின்றாள், மறுபடியும் திரும்பிப் போனாள், சனிக்கிழமை சாயங்காலம் மூன்று தடவை, நாலு தடவை. கூட இருந்த மரியாயின் சேனைப் பெண்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஞானப்பூக்கா, உங்க பொண்ணு அர்ச்சிஷ்டவளாத்தான் ஆவா, பீடத்துல வச்சுக் கும்பிடப்போறாங்க, எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு, கோயிலுக்குக் கூப்பிட்டா தலைவலிங்குது என்றாள் ஒருத்தி, இவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவ கன்னியாஸ்திரி மடத்துக்குத்தான் போவா போலிருக்கு, நான் யாரு தடுக்குறதுக்கு என்று பெருமையை அடக்கமாக வைத்துப் பேசினாள், வீட்டுக்கு வந்து சூசையிடமும் சொன்னாள். மடத்துக்குப் போறவ கேட்டைப் பூட்டிட்டுப் போகட்டும், ஒரு பூட்டை எட்டுத் தடவை இழுத்துப் பாத்துக்கிட்டு நிக்கிறா, பூட்டே கழண்டு வந்துரும் என்றார் அவர். இவள் கோபித்துக்கொண்டாள். ராத்திரி ஜெபமாலையில் பிள்ளை நடுவில் நிறுத்தி, அம்மா, இந்த மணி சரியாச் சொல்லலை, முதல்ல இருந்து சொல்லுவோமா என்று கேட்டால் முதலிலிருந்து சொன்னாள், ஒரு தடவை, மூன்று தடவை, ஒருநாள் ஒன்பது தடவை. சூசை மட்டும் இரண்டாவது தடவையிலேயே எழுந்துவிடுவார். நீங்க ரெண்டு பேரும் மோட்சத்துக்குப் போய்ச் சேருங்க, நான் அடுத்த வண்டியில வர்றேன். அவர் போன பிறகு, கால் மரத்துப்போக மரத்துப்போக, பிள்ளையோடு சேர்ந்து நாமும் தவம் செய்கிறோம் என்றுதான் இவள் நினைத்துக்கொண்டிருந்தாள். எரிகிற அடுப்பில் தானும் சேர்ந்து விறகு தள்ளிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியவில்லை. பங்குச் சாமியாருக்குத் தெரிந்திருந்தது. ஒருநாள் பூசை முடிந்து கூப்பிட்டு, அம்மா, இது பக்தி இல்லம்மா, இது பயம், பிள்ளையை ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க, இனிமே மாசம் ஒரு தடவைக்கு மேல பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்பாதீங்க என்றார். என் பிள்ளையைப் பைத்தியம்கிறாரே என்று வந்த ஆத்திரத்தில் இவள் என்ன செய்தாள்? கோயிலையே மாற்றினாள். இரண்டு பஸ் மாறி, இவர்களை யாருக்கும் தெரியாத ஒரு கோயிலுக்கு ஒரு வருஷம் கூட்டிக்கொண்டு போனாள், அங்கே பிள்ளை எத்தனை தடவை வரிசையில் நின்றாலும் கேட்க ஆளில்லை. அந்த ஒரு வருஷம். அதை யாரிடம் திருப்பிக் கேட்பது.

ஐந்தாவது மணியில் ஜெனோவின் குரல் தேய்ந்தது. ஞானப்பூ கண்ணை மூடினாள், திறந்தாள், மூடினால் ஜெபம் சொல்கிற மாதிரி நடிப்பதாகப் பிள்ளைக்குத் தோன்றுமோ, திறந்தால் பரீட்சை ஹாலில் மேற்பார்வை பார்க்கிற மாதிரி இருக்குமோ. "அம்மா." வந்துவிட்டது. "இப்பச் சொன்னேன்ல, அதுல நடுவுல வந்துருச்சும்மா." என்ன வந்தது என்று கேட்க வேண்டியதில்லை. மாதாவின் பேரைச் சொல்கிற நேரம் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை வரும், தெருவில் குடித்துவிட்டுப் பேசுகிறவன் வாயில் வருகிற வார்த்தை, அது எங்கிருந்து வருகிறதென்று அவளுக்கே தெரியாது. அவள் கூப்பிடுவதில்லை, அது வருகிறது. கடைசியில் வேறு வழியில்லாமல் போய்ப் பார்த்த மதுரை மனநல டாக்டரம்மா அதைத்தான் முதல் நாளே சொன்னார்கள். "எல்லா மனுஷங்களுக்கும் வரும்மா, எனக்கும் வரும், உங்களுக்கும் வரும். நாம சீ போன்னு விட்டுர்றோம். இவளால விட முடியலை, அவ்வளவுதான். எது உயிரோ அதைத் தேடித்தான் இந்த நோய் போய் உக்காரும். பக்தி இல்லாத பிள்ளைக்கு ஜெபத்துல ஏன் வரப்போகுது?" டாக்டர் சபூரா. முஸ்லிம் டாக்டரிடம் போய் ஜெபமாலையைப் பற்றி எப்படிச் சொல்வதென்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனவளுக்கு, அந்த அம்மா, "எங்க ஆளுங்கள்ல ஒளு செய்யும்போது வரும், தொழுகைக்கு முன்னாடி கை கால் கழுவுறது. ஒரு பாட்டியம்மா, மூணு தடவை கழுவ வேண்டிய கையை முப்பது தடவை கழுவி, தொழுகை நேரமே முடிஞ்சு போயிரும், உக்காந்து அழுவாங்க" என்றதும் நெஞ்சில் இருந்த கல் கொஞ்சம் நகர்ந்தது. எண்ணச் சுழற்சி நோய் என்று அதற்கு ஒரு பேர் சொன்னார்கள். பேர் இருக்கிறதே என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது. பேர் இருந்தால் வேறு யாருக்கோகூட வந்திருக்கிறது. "என்ன பயம் ஜெனோ, சரியாச் சொல்லலைன்னா என்ன ஆயிரும்னு தோணுது?" என்று கேட்டார்கள். ஜெனோ துப்பட்டாவின் நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள், சுருட்டி, பிரித்து, சுருட்டி. பிறகு டாக்டரைப் பார்த்துச் சொன்னாள், இவளைப் பார்க்கவில்லை: "அம்மா செத்துப்போயிருவாங்க."

ஏழு வருஷம். ஏழு வருஷமாக இந்தப் பிள்ளை முழங்கால் கறுத்துப்போக உட்கார்ந்திருந்தது மோட்சத்துக்காக இல்லை, மடத்துக்காக இல்லை, இவள் காலையில் எழுந்திருக்க வேண்டும் என்பதற்காக. உனக்குக் கிறுக்காடி பிடிச்சிருக்கு என்று கத்தியிருக்கிறாள் இவள். அரிசி டிரம்முக்குள் ஜெபமாலையை ஒளித்துவைத்திருக்கிறாள், பிள்ளை விரல் கணுவிலேயே எண்ணி எண்ணிச் சொல்லி, கணு வீங்கி, ஸ்கூலில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கப் போய் கீபோர்டைத் தட்ட முடியாமல் திரும்பி வந்தாள், மூன்று மாதமாக லீவு. யாருடைய உயிருக்காகக் காவல் இருந்தாளோ அவளே கையை ஓங்கினால் அந்தப் பிள்ளை யாரிடம் போகும். "அவ கேக்குறப்ப நீங்க, சரியாத்தான் சொன்னன்னு பதில் சொல்றீங்கள்ல, அது சொறிஞ்சு விடுற மாதிரி, அப்போதைக்குச் சுகம், அப்புறம் ரத்தம் வந்துரும்" என்றார் டாக்டர். "திட்டவும் வேணாம், தேத்தவும் வேணாம். பயமா இருக்குன்னு எனக்குத் தெரியுதுன்னு சொல்லுங்க. பக்கத்துல இருங்க. அது ஏறும், ஏறி நிக்கும், அப்புறம் இறங்கும். அவளே அதைப் பாக்கணும்." ஜெனோ ஒரு பட்டியல் எழுதினாள், எதற்கு எத்தனை பயம், நூற்றுக்கு எத்தனை மார்க் என்று. சுவிட்ச் இருபது. கேட் பூட்டு நாற்பது. மாத்திரையும் பழக்கமுமாக ஐந்து வாரத்தில் அதெல்லாம் இறங்கியது. கடைசியில் ஜெபமாலை, தொண்ணூற்றைந்து. ஒரே தடவை, திரும்பிப் போகாமல், முழுசாக. ஜெனோவேதான் கேட்டாள், பாத்துருவோம்மா என்று. போன திங்கட்கிழமை இதே இரண்டாம் பத்தில், இதே மாதிரி அம்மா என்றாள், பிள்ளை முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், சரியாத்தான்டி சொன்ன பாப்பா என்று இவள் வாய் சொல்லிவிட்டது. அவ்வளவுதான். பதினோரு தடவை. எட்டே முக்கால் மணிக்கு ஜெனோ பாயில் சுருண்டு படுத்து, நீ ஏம்மா சொன்ன, நீ ஏம்மா பதில் சொன்ன என்று அழுதாள்.

இப்போது ஞானப்பூ நாக்கைப் பல்லுக்குள் வைத்துக்கொண்டாள். "உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுது பாப்பா" என்றாள். நாடகத்தில் மனப்பாடம் பண்ணிச் சொல்கிற மாதிரிதான் வந்தது. ஜெனோவுக்கே லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. "டாக்டர் மாதிரியே பேசுற" என்றாள். "பின்ன, ஃபீஸும் கேப்பா" என்றார் சூசை நாற்காலியிலிருந்து. ஜெனோ மூச்சை இழுத்துவிட்டாள். விரல் அந்த மணியிலேயே கொஞ்ச நேரம் நின்றது, பின்னால் போகிற மாதிரி ஒரு நெளிவு நெளிந்தது, பிறகு அடுத்த மணிக்குப் போனது. ஆறு. ஏழு. எட்டில் நெற்றி வேர்த்தது. பத்து. மாலை ஞானப்பூவின் கைக்கு வந்தபோது நூலே நனைந்திருந்தது.

மூன்றாம் தேவ இரகசியம், இயேசு பிறந்தது. ஞானப்பூ சொல்லத் தொடங்கினாள், இது தன்னுடைய பத்து, இதில் பயமில்லை, இது ஓடிவிடும். முதல் மணி, இரண்டாம் மணி. ஜெனோ பிறந்தது எட்டு மாதத்தில். ஒன்றே முக்கால் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள், கையை விட்டுத் தொட ஒரு ஓட்டை, அதன் வழியாகத் தொட்டால் தோல் ஈரப் பேப்பர் மாதிரி இருந்தது. இருபத்திரண்டு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள், நர்ஸ் போகிற போக்கில், மூச்சைக் கவனிச்சுக்கோம்மா என்றாள். அந்த ஒரு சொல். அந்த நர்ஸுக்கு இந்நேரம் அது ஞாபகம்கூட இருக்காது. மூன்றாம் மணி. பிள்ளை தூங்கும்போதெல்லாம் இவள் விரலை அதன் மூக்கடியில் வைத்துப் பார்ப்பாள். சூடாகக் காற்று வரும். விரலை எடுப்பாள். எடுத்த உடனே, வந்தது மூச்சா, ஃபேன் காற்றா? மறுபடியும் வைப்பாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போவாள், போன பிறகு பாதியில் திரும்பி வருவாள். சூசை ஒருநாள், அதைத் தூங்கவிடு, நீ மூக்கை அடைச்சே கொன்னுறாத என்றார், எப்படி அழுதாள் அன்றைக்கு, அவர் சொன்னதற்காக இல்லை, அவர் சொன்னது தன் வாயிலிருந்தே வந்த மாதிரி இருந்ததற்காக. ஏனென்றால் அந்த எண்ணம் அவளுக்கு வந்திருந்தது. இந்த விரலைக் கொஞ்சம் அழுத்தினால் என்ன ஆகும் என்று ஒரு எண்ணம், நினைக்காமலே, ஈ வந்து உட்கார்கிற மாதிரி வந்தது, பெற்ற பிள்ளையைப் பற்றி. அவள் அதை எந்தச் சாமியாரிடமும் சொல்லவில்லை. சூசையிடம் சொல்லவில்லை. இருபத்தேழு வருஷமாக மாதாவிடம்கூடச் சொல்லவில்லை, இதோ இப்போதுதான் அது இருந்ததே ஞாபகம் வருகிறது. பிள்ளைக்கு ஆறு மாதமானதும், கன்னம் உப்பி, கழுத்து நின்று, அது தானாகப் போய்விட்டது. இவளிடமிருந்து போய்விட்டது, ஜெனோவிடமிருந்து போகவில்லை, வேறென்ன வித்தியாசம்? இதே வீடு, இதே பயம், உனக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்கிற அதே ஒன்று. அன்றைக்கு யாராவது இவளை உனக்குக் கிறுக்கா என்று கேட்டிருந்தால் கேட்டவர் வாசலை இவள் பிறகு மிதித்திருப்பாளா. பாப்பா, என் பாப்பா, நீ என் மூக்கடியில் விரல் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறாயே ஏழு வருஷம், நான் அது தெரியாமல்…

விரல் தனி மணியில் முட்டியது. பத்து முடிந்துவிட்டது. அவள் பிதாவுக்கும் சுதனுக்கும் என்று ஆரம்பித்துவிட்டு, மறு பாதிக்காகக் காத்திருந்தாள். வரவில்லை.

"அம்மா, ஒன்பதுதாம்மா சொன்னோம்."

ஞானப்பூ மாலையைப் பார்த்தாள்.  ஐந்தா, ஆறா, எங்கே விட்டோம்? கண்ணாடிப் பெட்டி ஞாபகம் இருக்கிறது, நர்ஸ் ஞாபகம் இருக்கிறது, ஆறாம் மணி ஞாபகமில்லை. விரல் ஈரத்தில் வழுக்கி ஒரு மணியைத் தாண்டியிருக்கலாம். தாண்டாமலும் இருக்கலாம். இதுவரை ஜெனோ கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் இவளுக்குத் தெரியும், சொல்லக்கூடாது, அவ்வளவுதான். இதற்குப் பதில் இவளுக்கே தெரியாது. நாற்காலி கிறீச்சிட்டது. சூசை முன்னால் குனிந்து வாயைத் திறந்தார். ஞானப்பூ திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். "நான் ஒண்ணும் சொல்லலை" என்று அவர் வாயை மூடிக்கொண்டு முழங்காலைத் தேய்த்தார்.

"எனக்குத் தெரியலை பாப்பா" என்றாள். "ஒன்பதாக்கூட இருக்கலாம்." "அப்ப ஒண்ணு சொல்லிருவோம்மா. ஒண்ணே ஒண்ணு. திரும்பல்லாம் வேணாம், குறையுறதை மட்டும்." ஜெனோவின் கண் இவள் முகத்தில் இல்லை, கழுத்தில் இருந்தது, நாடி துடிக்கிற இடத்தில். "உனக்காகத்தாம்மா கேக்குறேன்." ஞானப்பூவின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அந்த ஒன்றின் பக்கமாக இழுத்தது. நியாயம்தானே. நோயில்லாத கிறிஸ்தவர்கள்கூடச் சொல்லத்தானே செய்வார்கள். ஐம்பது வருஷத்தில் தெரிந்தே குறை வைத்து எழுந்ததில்லையே, பிரசவ ஆஸ்பத்திரியில்கூட. அரை நிமிஷம் ஆகாது. சொல்லிவிட்டால் நெஞ்சு ஆறிவிடும். அந்த ஆறிவிடும் என்கிற இடத்தில் அவள் நின்றுவிட்டாள். இதுதானா? அரிக்கிற இடம் இதுதானா, இத்தனை கூராகவா இருக்கும், இதை வைத்துக்கொண்டா ஜெனோ பல் விளக்கினாள், பஸ் ஏறினாள், பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தாள்? சரி, இப்போது சொல்ல வேண்டாம், படுக்கும்போது போர்வைக்குள் யாருக்கும் தெரியாமல் நான் மட்டும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன் என்று மனசு இறங்கி வந்து பேரம் பேசியது. பேசும்போதே அந்தப் பேரத்தின் குரல் அவளுக்கு அடையாளம் தெரிந்தது, அது ஜெனோவின் குரலாக இருந்தது, ஒண்ணே ஒண்ணும்மா. இல்லை, படுக்கும்போதும் இல்லை. நாளைக்கும் இல்லை. மாதாவே, ஒன்பதோ பத்தோ, இருக்கிறது இதுதான், இப்படியே எடுத்துக்கோ.

"பயமா இருக்கு உனக்கு, தெரியுது" என்றாள். இந்தத் தடவை மனப்பாடம் மாதிரி வரவில்லை. "எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு பாப்பா. நெஞ்சுக்குள்ள இழுக்குது. நான் ஒண்ணும் சொல்லப்போறதில்லை. இங்கதான் உக்காந்திருக்கேன்." தனி மணியைப் பிடித்தபடி மாலையை நீட்டினாள். ஜெனோ வாங்கவில்லை. வாங்கினால் மூன்றாம் பத்து முடிந்ததாகிவிடும், குறையோடு முடிந்ததாகிவிடும். வெளியே ஒரு ஆட்டோ நின்றது, யாரோ பாக்கிச் சில்லறைக்குச் சண்டை போட்டார்கள், போய்விட்டது. ஜெனோவின் மூச்சு மேலும் கீழுமாக ஏறி இறங்கியது. ஞானப்பூவுக்குக் கை கடுத்தது. சிரித்துக் காட்டலாமா, நான் நன்றாகத்தான் இருக்கிறேன் பார் என்கிற மாதிரி ஒரு சிரிப்பு? அதுவும் பதில்தான். முகத்தை என்ன செய்வதென்று தெரியாமல், அது எப்படி இருந்ததோ அப்படியே விட்டாள், பிள்ளை வேண்டிய மட்டும் பார்த்துக்கொள்ளட்டும் என்று.  ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.  ஒரு தடவை ஜெனோவின் கை பாதி தூரம் வந்து மடிக்குத் திரும்பிப் போனது. மறுபடியும் வந்தது. சில்லென்ற விரல் இரண்டு, இவள் விரலை ஒட்டி, அந்த மணியின் மேல் விழுந்தன.

"பிடிச்சிட்டேன்" என்றாள் ஜெனோ.

ஞானப்பூ விரலை எடுத்தாள். எடுத்ததும் அந்தக் கை எங்கே போவதென்று தெரியாமல் சேலை மடிப்பைப் பிடித்துக்கொண்டது. ஜெனோ கண்ணைத் துடைக்கவில்லை, மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டாள், நாலாம் தேவ இரகசியம் என்றாள், குரல் நூல் மாதிரி இழைந்தது, கோயிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்தது என்று ஒருவழியாகச் சொல்லி, பரலோக மந்திரத்தை ஆரம்பித்து, ஒரு வார்த்தையில் இடறி, இடறியதை அப்படியே விட்டுவிட்டு மேலே போனாள். தன்னுடைய பாதி வந்தபோது ஞானப்பூவின் முதல் வார்த்தை பிசிறடித்தது. கனைத்துச் சரிசெய்துகொண்டு முதலிலிருந்து நன்றாகச் சொல்லலாம் என்று தோன்றியது. அவள் கனைக்கவில்லை. சூசையின் கரகரத்த குரல் பின்னால் சேர்ந்துகொள்ள, வந்த மாதிரியே சொன்னாள்.